குடல் புற்றுநோய்: எந்தப் பரிசோதனைக்கு முதலில் பணம் கட்டுவது?

பெருங்குடலில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷனும் முடிந்துவிட்டது. பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்திருக்கிறது. கூடவே ஒரு சீட்டு: சி.இ.ஏ., எம்.எம்.ஆர். ஐ.எச்.சி., எம்.எஸ்.ஐ., கே-ராஸ், சில சமயம் கீ-67, கடைசியில் பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் ‘என்.ஜி.எஸ். பேனல்’. முதலாவது சில நூறு ரூபாயில் முடியும். நடுவில் இருப்பவை ஆயிரங்களில் போகும். கடைசியில் இருப்பது பத்தாயிரங்களில் நிற்கும். வீட்டில் நகை ஏற்கெனவே அடகுக்குப் போயிருக்கும். “எல்லாத்தையும் எடுத்துடலாமா டாக்டர், இல்ல முக்கியமானது மட்டும் போதுமா?” என்று லேப் வாசலில் நின்று கேட்கிறார்கள். நான் பெத்தாலஜிஸ்ட். மருந்து எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் அந்த மருந்து எந்த ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதப்படுகிறதோ அதை எழுதுவது என் வேலை. ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் ஒரு பரிசோதனைக்குத்தான் இருக்கிறது என்றால், அது டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் எம்.எம்.ஆர். புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி.யாக இருக்கட்டும்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஓர் அளவுகோல். எந்தப் பரிசோதனையைப் பற்றியும் உங்கள் ஆன்காலஜிஸ்டிடம் இதைக் கேளுங்கள்: “ரிசல்ட் இப்படி வந்தா என்ன செய்வீங்க, அப்படி வந்தா என்ன செய்வீங்க?” இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தப் பரிசோதனை இப்போதைக்குத் தேவையில்லை.

வளரும் வேகத்தைக் காட்டும் புரதம்

“கட்டி எவ்வளவு வேகமா வளருது?” இதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதை நேரடியாகக் காட்டும் புரதம் கீ-67. செல் பிரியும் சுழற்சியில் இருக்கும்போது உட்கருவில் இருக்கும், ஓய்வுக்குப் போனதும் காணாமல் போகும். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கெர்டெஸ் குழுவினர் இதைக் காட்டும் எதிர்ப்புரதத்தை வெளியிட்டார்கள். ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்தும், தட்டில் அந்த எதிர்ப்புரதத்தைத் தயாரித்த செல் வளர்ந்த குழியின் எண்ணும் சேர்ந்து அந்தப் பெயர் வந்தது.

மார்பகப் புற்றுநோயில் இந்தச் சதவீதத்துக்கு மதிப்பு உண்டு. ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் நியூரோஎண்டோக்ரைன் கட்டியில் கிரேடு போடுவதே இதை வைத்துத்தான். ஆனால் குடலில் வழக்கமாக வரும் அடினோகார்சினோமாவில் இது சிகிச்சையை மாற்றுவதில்லை. குடலின் உள்சவ்வு ஆரோக்கியமாக இருக்கும்போதே சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசு, அதன் சுரப்பிகளின் அடியில் கீ-67 எப்போதும் நிறைந்திருக்கும். கட்டியில் 60, 70 சதவீதம் என்று வருவது சர்வசாதாரணம். அந்த எண் கூடினால் ஆயுள் குறையுமா என்று பார்த்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ரிப்போர்ட்டில் ‘கீ-67: 70%’ என்று பார்த்துவிட்டு, உடம்பில் எழுபது சதவீதம் பரவிவிட்டது என்று நினைத்து அழுதவர்களை எனக்குத் தெரியும். கட்டி உருவாகாமல் தடுக்கும் புரதமான பி-53 கதையும் கிட்டத்தட்ட இதேதான். இந்தக் கட்டிகளில் பாதிக்கு மேல் அது கெட்டுத்தான் இருக்கும், தெரிந்துகொண்டு செய்யப்போவது ஒன்றுமில்லை. இந்த இரண்டுக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

சி.இ.ஏ.: மலிவானது, ஆனால் இடம் தெரிந்து பயன்படுத்த வேண்டியது

1965இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் குடல் கட்டியிலும் கருவில் இருக்கும் குழந்தையின் குடலிலும் ஒரே புரதத்தைக் கண்டார்கள். அதுதான் சி.இ.ஏ. சாதாரணக் குடல் செல்லும் இதைக் கொஞ்சம் தயாரிக்கும். ஆனால் குடலின் உள்பக்கமாகவே விடுவதால் மலத்தோடு போய்விடும். கட்டிச் செல்லுக்கு எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்ற ஒழுங்கு குலைந்துவிடுவதால் புரதம் ரத்தத்துக்குள் வருகிறது.

மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்பது பொதுவாக வைக்கும் எல்லை. புகைபிடிப்பவர்களுக்கு நோய் எதுவும் இல்லாமலே கூடுதலாக இருக்கலாம். ஈரல் பாதிப்பு, கணைய அழற்சி, குடல் அழற்சி ஆகியவற்றிலும் ஏறும். மறுபக்கம், ஆரம்பக் கட்டத்தில் உள்ள கட்டிகளில் பெரும்பாலானவை இதை ஏற்றுவதே இல்லை. அதனால் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பொட்டலத்தில் சி.இ.ஏ.வைச் சேர்த்து, “நார்மல், உங்களுக்குக் குடல் புற்றுநோய் இல்லை” என்று சொல்வது தவறு. அந்தக் கேள்விக்கு மலத்தில் மனித ரத்தப் புரதத்தைத் தேடும் ஃபிட் பரிசோதனை எவ்வளவோ மேல், அதில் சந்தேகம் வந்தால் கொலோனோஸ்கோபி. மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று சொல்லி மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பவருக்கு இரத்தத்தில் சி.இ.ஏ. நார்மலாக வந்தது எந்த உத்தரவாதமும் தராது.

சி.இ.ஏ.யின் உண்மையான இடம் ஆபரேஷனுக்குப் பிறகான கண்காணிப்பு. ஆபரேஷனுக்கு முன் ஒரு தடவை எடுக்க வேண்டும், அதுதான் அடித்தளம். கட்டி முழுதாக எடுக்கப்பட்டிருந்தால் நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் அளவு இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் எங்கோ மிச்சம் இருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஐந்தாம் வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

பிரிட்டனில் 39 மருத்துவமனைகளில் 1,202 பேரைச் சேர்த்து நடந்த ஃபேக்ஸ் ஆய்வு 2014இல் வெளியானது. நோய் திரும்பி வந்து, குணமாக்கும் நோக்கத்தோடு மறுபடி ஆபரேஷன் செய்ய முடிந்தவர்கள் குறைந்த கண்காணிப்புக் குழுவில் 2.3 சதவீதம், சி.இ.ஏ. குழுவில் 6.7, சி.டி. ஸ்கேன் குழுவில் 8, இரண்டும் எடுத்த குழுவில் 6.6. உயிர் பிழைத்தவர்கள் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் ஸ்கேனோடு ஒப்பிட்டால் சில நூறு ரூபாய் ரத்தப் பரிசோதனை இவ்வளவு தருகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. குறை என்னவென்றால், 5 என்ற எல்லையில் பத்து மறுவருகையில் மூன்றை அது தவறவிடும். ஆகவே சி.இ.ஏ. நார்மல்தானே என்று, டாக்டர் எடுக்கச் சொன்ன ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் கருவியும் முறையும் மாறும், 3.8 என்பது அடுத்த லேபில் 5.1 ஆகலாம். ஒரு தடவை ஏறியதும் பதற வேண்டாம், சில வாரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஆக்சாலிபிளாட்டின் கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போது ஈரல் பாதிப்பால்கூடத் தற்காலிகமாக ஏறும். சி.இ.ஏ.வோடு சேர்த்து சி.ஏ. 19-9 என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் எழுதிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. குடல் புற்றுநோய்க் கண்காணிப்பில் அது பெரிதாக எதையும் கூட்டித் தருவதில்லை.

எம்.எம்.ஆர்.: இல்லாமல் போனதைப் பார்க்கும் பரிசோதனை

இங்கேதான் நின்று பேச வேண்டியிருக்கிறது. செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகல் எடுக்கிறது. எடுப்பதில் பிழை வரும். அந்தப் பிழைகளைத் திருத்தும் நான்கு புரதங்கள்: எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6. முதல் இரண்டும் ஒரு ஜோடி, அடுத்த இரண்டும் ஒரு ஜோடி. எம்.எல்.எச்.1 போனால் பி.எம்.எஸ்.2 தனியாக நிலைக்காது, அதுவும் போய்விடும். எம்.எஸ்.எச்.2 போனால் எம்.எஸ்.எச்.6-உம் அப்படியே. குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கும். வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட நான்காம் கட்டத்தில் அது 5 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும்.

மைக்ராஸ்கோப்பின் கீழே இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். புரதம் இருந்தால் உட்கரு பழுப்பாகச் சாயமேறும், இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். கட்டியின் சுரப்பிகள் முழுக்க நீலமாக, அவற்றுக்கு நடுவே ஊடுருவியிருக்கும் லிம்போசைட்டுகள் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பழுப்பாக இருந்தால் ரிசல்ட் நம்பத் தகுந்தது. அந்த லிம்போசைட்டுகள் நோயாளியின் நல்ல செல்கள், அவற்றில் புரதம் இருந்தே ஆக வேண்டும். அவையும் நீலமாக இருந்தால் சாயம் பிடிக்கவில்லை, ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ஃபார்மலின் சரியாக ஊறாத பெரிய ஆபரேஷன் துண்டுகளில் இந்தத் தொல்லை அடிக்கடி வரும். சின்ன கொலோனோஸ்கோபி பயாப்ஸியில் ஃபார்மலின் சீக்கிரம் ஊறிவிடுவதால் சாயம் அழகாகப் பிடிக்கும்.

இப்போது அளவுகோலை வையுங்கள். ரிசல்ட் எதை மாற்றுகிறது?

இரண்டாம் கட்டத்தில், அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குப் போகாத நிலையில், எம்.எம்.ஆர். குறைபாடுள்ள கட்டிகள் பொதுவாகத் திரும்பி வருவது குறைவு. 2003இலும் 2010இலும் வெளியான ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: இவர்களுக்கு 5-எஃப்.யூ. வகைக் கீமோ மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதால் பலன் கிடைக்கவில்லை. கேப்சிடபின் மாத்திரை அந்த வகைதான். ஆறு மாதம் கை கால் தோல் உரிய மாத்திரை சாப்பிட வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்க இந்த ஒரு ஐ.எச்.சி. பெரிதும் உதவும். விநோதம் என்னவென்றால், இந்தக் கட்டிகள் ஸ்லைடில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சுரப்பி அமைப்பே தெரியாமல், கோழை நிறைந்து, ‘பூர்லி டிஃபரென்ஷியேட்டட்’ என்று எழுதவைக்கும். வேறொரு குடல் கட்டியில் அந்த வார்த்தைகள் கெட்ட செய்தி. இங்கே அவற்றை அபாயக் கணக்கில் சேர்ப்பதில்லை. எம்.எம்.ஆர். முடிவு தெரியாமல் அந்த ஒரு வரியை மட்டும் படித்துக் கீமோ தொடங்கினால் தேவையில்லாத கீமோவாகப் போக வாய்ப்பு உண்டு.

நான்காம் கட்டத்தில் மாற்றம் இன்னும் பெரிது. 307 பேரை வைத்து நடந்த கீநோட்-177 ஆய்வில், இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு முதல் மருந்தாகவே பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்தபோது நோய் மேலும் வளராமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 16.5 மாதம், கீமோவில் 8.2 மாதம். திருத்தப்படாத பிழைகளால் கட்டிச் செல்கள் உடம்புக்கு அந்நியமான புரதங்களைத் தயாரிக்கின்றன, நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அடையாளம் காண்கின்றன. அவற்றின் கையைக் கட்டிப்போடும் தடையை மருந்து நீக்குகிறது. மீதி 95 சதவீதம் பேருக்கு அதே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது. ஒரு டோஸே லட்சக்கணக்கில் ஆகும் மருந்தை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுத்து வீணாக்கக் கூடாது என்பதைச் சில ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனை சொல்கிறது.

இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள் இந்தப் பத்தியைத் தவறவிட வேண்டாம். 2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவர்கள் எம்.எம்.ஆர். குறைபாடுள்ள மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு அதே வகை மருந்தான டோஸ்டார்லிமாப் மட்டும் கொடுத்தார்கள். சிகிச்சையை முடித்த முதல் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்தது. ஆபரேஷனோ ரேடியேஷனோ யாருக்கும் தேவைப்படவில்லை. பெருங்குடலில், நெதர்லாந்தின் நிச்-2 ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் இரண்டு இம்யூனோதெரபி மருந்துகள் சேர்த்துக் கொடுத்தபோது 68 சதவீதம் பேரின் எடுத்த குடலில் உயிருள்ள கட்டிச் செல்லே மிச்சமில்லை. மலக்குடல் கட்டிக்கு ஆபரேஷன் என்றால் சிலருக்கு வாழ்நாள் முழுக்க வயிற்றில் பை. அதைத் தவிர்க்கும் வாய்ப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டிய நேரம் கொலோனோஸ்கோபி பயாப்ஸி எடுத்த அன்றே, ஆபரேஷனுக்கு மறுநாள் அல்ல. இன்னொரு காரணமும் உண்டு: ரேடியேஷனும் கீமோவும் கொடுத்த பிறகு எடுத்த மலக்குடல் கட்டியில் எம்.எஸ்.எச்.6 சாயம் மங்கிப்போய், இருக்கும் புரதமே இல்லாததுபோல் தெரியலாம். சிகிச்சைக்கு முந்தைய பயாப்ஸியில் அந்தக் குழப்பம் வராது.

நோயாளியோடு முடியாத ரிசல்ட்

1895இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் தையல் வேலை செய்த ஒரு பெண், தன் வீட்டில் பலரும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து செத்திருக்கிறார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று பெத்தாலஜி பேராசிரியர் ஆல்ட்ரெட் வார்தினிடம் சொன்னார். அப்படியே இளம் வயதில் கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் தொடர்ந்து ஆராய்ந்த அந்தப் பரம்பரை நோய் இன்று லிஞ்ச் சிண்ட்ரோம். காரணம், இந்த நான்கு புரதங்களின் மரபணுவில் பிறவியிலேயே இருக்கும் குறை. குடல் புற்றுநோயாளிகளில் 100க்கு 3 பேர் அளவுக்கு இதைச் சுமக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஜோடி இல்லையென்றால் லிஞ்ச் சந்தேகம் வலுவாகிறது. எம்.எல்.எச்.1 இல்லையென்றால் அவசரப்படக் கூடாது, வயதானவர்களில் பெரும்பாலும் அந்த மரபணுவின் வாசல் மூடிக்கொண்டதால் வருவது, பரம்பரை இல்லை. அப்போது பி-ராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் அநேகமாகப் பரம்பரை இல்லை. பரம்பரை என்று உறுதியானால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தத்தில் அந்த ஒரு மரபணுவை மட்டும் பார்த்தால் போதும். இருப்பவர்களுக்கு இருபதுகளிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒரு கொலோனோஸ்கோபி, பெண்களுக்குக் கருப்பையிலும் கவனம்.

நம் ஊரில் இதில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் வழக்கம் உள்ள குடும்பத்தில் கணவன், மனைவி இருவருமே ஒரே குறையைச் சுமக்க வாய்ப்பு உண்டு. இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்துவிட்டால் சிறு வயதிலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், குடல் கட்டி வரலாம். தோலில் பால் காப்பி நிறத் திட்டுகள் இருப்பது ஓர் அறிகுறி. சொந்தத்தில் கல்யாணம் பேசும் வீட்டில் லிஞ்ச் தெரியவந்தால், நிச்சயத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள்.

ஐ.எச்.சி.யா, எம்.எஸ்.ஐ. பி.சி.ஆர்.ஆ?

ஒரே கேள்விக்கு இரண்டு வழி. ஐ.எச்.சி. புரதம் இருக்கிறதா என்று பார்க்கிறது. பி.சி.ஆர்., திருத்தாமல் விட்டதால் டி.என்.ஏ.வின் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் நீளம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கிறது. பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் இரண்டும் ஒத்துப்போகும். நான் ஐ.எச்.சி. பக்கம். எந்தப் புரதம் போனது என்று பெயர் சொல்வதால் பரம்பரைத் தேடலுக்கு வழி காட்டுகிறது, சின்ன பயாப்ஸியிலும் நடக்கும், பெரிய லேப் தேவையில்லை. எம்.எஸ்.எச்.6 மட்டும் போன சில கட்டிகளை பி.சி.ஆர். தவறவிடும். பி.சி.ஆருக்கும் தனி இடம் உண்டு: புரதம் உருவில் இருந்து வேலையில் செத்துப்போன அபூர்வமான கட்டிகளில் ஐ.எச்.சி. ஏமாறும், பி.சி.ஆர். பிடிக்கும். சாயம் தெளிவில்லாதபோதும், பார்த்தவுடனே லிஞ்ச் என்று சந்தேகம் வரும் குடும்பத்தில் ஐ.எச்.சி. நார்மலாக வந்தபோதும் அதைக் கேட்கலாம். முதல் நாளே இரண்டுக்கும் கட்ட வேண்டாம்.

நான்குக்கும் பணம் இல்லையா? பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.6 இரண்டை மட்டும் முதலில் போடச் சொல்லலாம். எந்த ஜோடி கெட்டாலும் இந்த இரண்டில் ஒன்று காணாமல் போகும். ஏதாவது ஒன்று போயிருந்தால் மட்டும் மீதி இரண்டு.

கே-ராஸ், அதன் கூட்டாளி மரபணுக்கள்: எப்போது?

2004இல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கான செடுக்சிமாப் என்ற மருந்து அனுமதி பெற்றபோது, கட்டியின் மேல் இ.ஜி.எஃப்.ஆர். புரதம் ஐ.எச்.சி.யில் தெரிய வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. மருந்து தாக்குவது அந்தப் புரதத்தை, ஆகவே நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சாயம் ஏறாதவர்களுக்கும் மருந்து வேலை செய்தது, ஏறிய பலருக்கு வேலை செய்யவில்லை. விடை 2008இல் வந்தது: இ.ஜி.எஃப்.ஆரின் கட்டளையை உள்ளே கடத்தும் கே-ராஸ் மரபணு கெட்டிருந்தால், மேலே எவ்வளவு அடைத்தாலும் கீழிருந்து “வளர், வளர்” என்ற கட்டளை போய்க்கொண்டே இருக்கும். பழுதான காலிங் பெல் யாரும் அழுத்தாமலே அடித்துக்கொண்டிருப்பதுபோல. இன்றும் எங்காவது இ.ஜி.எஃப்.ஆர். ஐ.எச்.சி. எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

கே-ராஸ் மாற்றம் சுமார் 40 சதவீதத்தில், என்-ராஸ் சில சதவீதத்தில், பி-ராஃப் வி600இ எட்டுப் பத்து சதவீதத்தில், ஹெர்-2 பெருக்கம் மூன்று சதவீத அளவில். ஹெர்-2-ஐ ஐ.எச்.சி.யிலேயே பார்க்கலாம். இவை எல்லாம் முக்கியமாக நான்காம் கட்டத்துக்கானவை. முதல், இரண்டாம் கட்டத்தில் கட்டி முழுதாக எடுக்கப்பட்டவருக்கு ராஸ் ரிசல்ட் இன்றைய சிகிச்சையில் எதையும் மாற்றாது. கட்டித் துண்டைப் பதித்த மெழுகு பிளாக் லேபில் பத்திரமாக இருக்கும், தேவைப்பட்டால் பிறகு செய்துகொள்ளலாம். நான்காம் கட்டத்திலும் கட்டி எந்தப் பக்கம் என்று பாருங்கள்: வலப்பக்கப் பெருங்குடலில் தொடங்கியது என்றால் ராஸ் நன்றாக இருந்தாலும் முதல் வரிசையில் செடுக்சிமாப் பலன் தருவதில்லை. அங்கே ராஸை விட எம்.எம்.ஆரும் பி-ராஃபும் அவசரம். தனித்தனியாக மூன்று நான்கு மரபணு செய்யும் செலவு பேனல் விலையை நெருங்கினால், அப்போது என்.ஜி.எஸ். எடுப்பது சரியான கணக்கு.

ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. துணுக்கைத் தேடும் புதிய பரிசோதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். அது புரதம் இல்லை, ஆனால் சி.இ.ஏ.வின் இடத்தைப் பிடிக்க வரும் போட்டியாளர். ஆஸ்திரேலியாவின் டைனமிக் ஆய்வு, 2022, இரண்டாம் கட்டத்தில் 455 பேர்: அதை வைத்து முடிவெடுத்த குழுவில் 15 சதவீதம் பேருக்குத்தான் கீமோ போனது, வழக்கமான குழுவில் 28. இரண்டு வருடத்தில் நோய் திரும்பாதவர்கள் 93.5 சதவீதம், 92.4 சதவீதம். கீமோவைக் குறைத்தும் நஷ்டம் இல்லை. எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது. வசதி உள்ளவர்கள், கீமோ வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரே தடுமாறும் இரண்டாம் கட்டத்தில் எடுக்கலாம். கடன் வாங்கி எடுக்கச் சொல்ல மாட்டேன், எம்.எம்.ஆர். பார்க்காமல் இதற்குப் போகவும் சொல்ல மாட்டேன்.

வேறு லேபுக்குப் போவதாக இருந்தால் ஸ்லைடு மட்டும் போதாது, மெழுகு பிளாக்கைக் கேட்டு வாங்குங்கள். கட்டி நிறைய இருக்கும் ஒரு பிளாக், முடிந்தால் பக்கத்து நல்ல குடலும் அதிலேயே இருப்பது. முதலில் எடுத்த கொலோனோஸ்கோபி பயாப்ஸி பிளாக் கிடைத்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். அசல் ரிப்போர்ட் நகலில் பிளாக் எண் இருக்க வேண்டும். வரும் ரிப்போர்ட்டில் ‘எம்.எம்.ஆர். நார்மல்’ என்று ஒற்றை வரி இருந்தால் ஏற்காதீர்கள், போட்ட ஒவ்வொரு புரதமும் இருக்கிறதா இல்லையா, கட்டிக்கு நடுவே உள்ள நல்ல செல்களில் சாயம் ஏறியதா என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்கி, வெயில் படாத இடத்தில், ரிப்போர்ட்டோடு ஒரே கவரில் வையுங்கள்.